வீட்டுக்குப் போன அதிபரும் போகாத பிரதமரும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

நம் ஊரில் அரசியல் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "அமெரிக்காவில் தப்பு பண்ணினால் அதிபரே வீட்டுக்குப் போகணும். இங்கே ஒரு கவுன்சிலரைக்கூட அசைக்க முடியாது." டீக்கடையிலும் சொல்வார்கள், கல்யாணப் பந்தியிலும் சொல்வார்கள். சொன்னவுடன் எல்லோரும் தலையாட்டுவார்கள். பேச்சு முடிந்துவிடும்.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். அதனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு தேதிகள் நினைவுக்கு வரும். ஒன்று 1974 ஆகஸ்ட் 9, அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகிய நாள். மற்றொன்று 1975 ஜூன் 12, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். இரண்டுக்கும் இடையில் பத்தே மாதம். உலகின் இரண்டு பெரிய ஜனநாயக நாடுகள், அதிகாரத்தின் உச்சியில் இரண்டு பேர், இருவரையும் பார்த்து சட்டம் "பதில் சொல்" என்றது. ஒருவர் போனார், ஒருவர் போகவில்லை. ஏன்?

அவர்கள் ஒழுக்கமானவர்கள், நாம் அப்படி இல்லை என்று சொல்லிவிடலாம். அது சுலபமான பதில். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும்.

முதலில் ஏட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க அதிபர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். நான்கு வருஷம் அவரை யாரும் அசைக்க முடியாது. அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது. நம் கேள்வி நேரம் மாதிரி அவர் சபைக்கு வந்து உறுப்பினர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. நீக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை குற்றம்சாட்ட வேண்டும், பிறகு செனட் சபை விசாரித்து, அவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று சொல்ல வேண்டும். இன்றுவரை ஓர் அதிபர்கூட அப்படி நீக்கப்பட்டதில்லை. நிக்சனும் நீக்கப்படவில்லை, அதற்கு முன்பே தானாக விலகினார்.

நம் பிரதமரோ மக்களவையில் ஒரே ஒரு ஓட்டு குறைந்தால் போக வேண்டும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை நாமே பார்த்தோம். ஆக, ஏட்டின்படி பார்த்தால் நம் முறைதான் கடுமையானது. பதில் சொல்லாதவரைச் சீக்கிரமாக இறக்கிவிடும் வசதி நம்மிடம்தான் அதிகம். நடந்தது நேர்மாறாக இருந்தது.

அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். 1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். ஒட்டுக்கேட்கும் கருவிகளோடு வந்தவர்கள். அவர்களுக்கும் அதிபரின் தேர்தல் குழுவுக்கும் தொடர்பு இருப்பதைப் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. ஐந்து மாதம் கழித்து நவம்பரில் அதிபர் தேர்தல். முடிவு என்ன தெரியுமா? ஐம்பது மாநிலங்களில் 49-ஐ நிக்சன் ஜெயித்தார். அமெரிக்க வாக்காளர் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கணக்குக் கேட்டவர்கள் வேறு ஆட்கள். 1973 ஜூலையில் செனட் குழு விசாரித்தபோது, வெள்ளை மாளிகை ஊழியராக இருந்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட், அதிபர் அறையில் பேசுவதெல்லாம் ஒலிநாடாவில் பதிவாகிறது என்று சொல்லிவிட்டார். அந்த நாடாக்களைக் கொடு என்று கேட்டார் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் என்ற தனி அரசு வழக்கறிஞர். நிக்சன் மறுத்தார். அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு, காக்ஸை வேலையை விட்டு நீக்கும்படி தன் அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனுக்கு உத்தரவிட்டார். ரிச்சர்ட்சன் அதிபரே நியமித்தவர், அதிபரின் கட்சிக்காரர். ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் காக்ஸை நீக்க மாட்டேன் என்று பதவி ஏற்பதற்கு முன் செனட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நீக்க முடியாது என்று ராஜினாமா செய்தார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் முடியாது என்று சொல்லிப் போனார். மூன்றாவது ஆள்தான் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது ஆள் எப்போதும் கிடைத்துவிடுவார். முதல் இரண்டு பேர் மறுத்ததால் நாடே விழித்துக்கொண்டது. நிக்சன் வேறு ஒரு தனி வழக்கறிஞரை நியமிக்க வேண்டியதாயிற்று. அவரும் அதே நாடாக்களைத்தான் கேட்டார்.

1974 ஜூலை 24. நாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எட்டு நீதிபதிகள், எட்டுப் பேரும் ஒரே பக்கம். அதில் தலைமை நீதிபதி வாரன் பர்கர் உட்பட மூன்று பேர் நிக்சன் நியமித்தவர்கள். மூன்று நாள் கழித்து பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவில் முதல் குற்றச்சாட்டு 27க்கு 11 என்று நிறைவேறியது. அந்த 27-ல் ஆறு பேர் நிக்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 5 அன்று, விசாரணையைத் தடுக்க நிக்சனே திட்டம் போட்ட பேச்சின் எழுத்து வடிவம் வெளியானது. ஆகஸ்ட் 7 அன்று அவருடைய கட்சியின் மூன்று மூத்த தலைவர்கள், பாரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ், நேரில் போய்ப் பார்த்தார்கள். செனட்டில் தப்பிக்க 34 ஓட்டு வேண்டும், அது கிடைக்காது என்ற நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். மறுநாள் இரவு நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி விலகுவதாக அறிவித்தார்.

கவனியுங்கள். அவரை இறக்கியது எதிர்க்கட்சி மட்டும் இல்லை. அவர் நியமித்த அதிகாரி, அவர் நியமித்த நீதிபதி, அவர் கட்சியின் உறுப்பினர் என்று கூட இருந்தவர்களே "இதற்கு மேல் முடியாது" என்றார்கள்.

இப்போது நம் கதை. 1971 தேர்தலில் ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தி ஒரு லட்சம் ஓட்டுக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். நான்கு வருஷம் நடந்த வழக்கு. 1975 மார்ச்சில் பிரதமரே அலகாபாத் நீதிமன்றத்துக்கு நேரில் வந்து குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். அமெரிக்காவில் நிக்சன் பதவியில் இருந்தவரை எந்த நீதிமன்றத்திலும் ஏறிச் சாட்சி சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் ஒரு படி மேலே இருந்தோம். யாரும் இதைப் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஜூன் 12 அன்று நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பு வாசித்தார். நிரூபணமான குற்றம் இரண்டு. அரசு ஊழியராக இருந்த யஷ்பால் கபூரின் ராஜினாமா நடைமுறைக்கு வரும் முன்பே அவரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது ஒன்று. உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகளைக் கொண்டு பொதுக்கூட்ட மேடையும் ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் ஏற்பாடு செய்துகொண்டது இன்னொன்று. தேர்தல் செல்லாது, ஆறு வருஷம் போட்டியிடவும் முடியாது என்றார். சாலை விதியை மீறியதற்குப் பிரதமர் பதவியையே பறிப்பதா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வாட்டர்கேட்டோடு ஒப்பிட்டால் இது சின்னக் குற்றம். ஆனால் சட்டத்தில் இதற்குப் பெயர் ஊழல் நடவடிக்கை. சாதாரண வேட்பாளருக்கு என்ன தண்டனையோ அதையே நீதிபதி பிரதமருக்கும் கொடுத்தார்.

மேல்முறையீட்டில் ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்ற விடுமுறைக் கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராகத் தொடரலாம், ஆனால் மக்களவையில் உறுப்பினராக ஓட்டுப் போடக் கூடாது. மறுநாள் ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதின் அலி அகமது கையெழுத்திட்டார். மத்திய அமைச்சரவைக்கு விஷயம் சொல்லப்பட்டது மறுநாள் விடிகாலையில்! டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த பகுதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயணும் மொரார்ஜி தேசாயும் கைதானார்கள். காங்கிரஸ் செயற்குழுவில் இருந்துகொண்டே எதிர்த்துப் பேசிய சந்திரசேகரும் கைதானார்.

பிறகு சட்டத்தையே மாற்றினார்கள். எந்தச் சட்டத்தின்படி தோற்றாரோ அந்தத் தேர்தல் சட்டம் 1975 ஆகஸ்டில் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே முடியாது என்று 39-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. ஆனால் திருத்திய தேர்தல் சட்டத்தை ஏற்றுக்கொண்டு அவர் வெற்றி செல்லும் என்று சொல்லிவிட்டது.

எட்டாம் வகுப்பில் இந்தப் பகுதியை ஒரு தடவை கொஞ்சம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அத்தனை மந்திரி இருந்தாங்களே டீச்சர், ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலையா?"

நான் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஏன் சொல்லவில்லை? பயம் ஒரு காரணம். சந்திரசேகர் எங்கே இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு சபை உறுப்பினர் தன் தொகுதியில் கட்சிக்காரர்களும் ஆதரவாளர்களும் ஓட்டுப் போடும் பிரைமரி தேர்தலில் ஜெயித்துத்தான் வேட்பாளர் ஆகிறார். அவருக்குச் சீட் கொடுத்தது அதிபர் இல்லை. அதனால் அதிபரை எதிர்த்தாலும் ஊருக்குப் போய் நிற்க ஒரு தரை இருக்கும். நம் நாட்டில் சீட் மேலே இருந்து வருகிறது. 1971-ல் ஜெயித்த பெரும்பாலானோர் ஒரே ஒரு முகத்தைக் காட்டி ஜெயித்தவர்கள். அந்த முகத்திடம் "வேண்டாம்" என்று சொன்னால் அடுத்த நாள் அவர்கள் யாரும் இல்லை. மூத்த அமைச்சர் ஜகஜீவன் ராம் வெளியே வந்தது 1977 பிப்ரவரியில், அதுவும் தேர்தல் அறிவித்த பிறகு.

நீதிபதிகள் விஷயத்திலும் இதுதான். 1973 ஏப்ரலில் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி நான்காமவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். அந்த மூவரும் அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதியவர்கள். மற்றவர்களுக்குப் பாடம் புரிந்துவிட்டது. விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தால் நீதிமன்றத்தை அணுகலாமா என்ற வழக்கு 1976 ஏப்ரலில் முடிந்தபோது, முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அணுகலாம் என்று சொல்லியிருந்தும்! மாறுபட்டு எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அடுத்த தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டியவர், 1977 ஜனவரியில் அவரையும் தாண்டி இளையவரை நியமித்தார்கள். அவர் ராஜினாமா செய்தார். அந்த மாணவியிடம் நான் சொன்ன பெயர் இதுதான். மந்திரிகளில் இல்லை, நீதிபதிகளில் ஒருவர் சொன்னார் கண்ணு, அதற்கு விலையும் கொடுத்தார் என்றேன்.

"எமர்ஜென்சியில் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் ஆள் இருந்தார்கள், பதுக்கல்காரன் பயந்தான்" என்று என் வயதுக்காரர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். அப்போது எனக்குப் பதினாலு வயது, சுவரெல்லாம் இருபது அம்சத் திட்டம் எழுதியிருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. ரயில் நேரத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் கட்டாயக் கருத்தடைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குப் பயந்து வேலை செய்வது நிர்வாகம். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் பதில் சொல்வது பொறுப்பு. முன்னது கிடைத்ததாக நினைத்துக்கொண்டு பின்னதைக் கொடுத்துவிட்டோம்.

சரி, நம் கதையில் யாருமே பதில் கேட்கவில்லையா? கேட்டார்கள். 1977 மார்ச்சில் வாக்காளர்கள் கேட்டார்கள். ரேபரேலியில் அதே ராஜ் நாராயண், 55 ஆயிரம் ஓட்டுக்கும் அதிகமான வித்தியாசத்தில் பதவியில் இருந்த பிரதமரைத் தோற்கடித்தார். உத்தரப் பிரதேசத்தில் 85 இடங்களில் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பீகாரிலும் பூஜ்யம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கும் மக்கள், அமைச்சர்களும் உச்ச நீதிமன்றமும் செய்யாததைச் செய்தார்கள். 49 மாநிலங்களைத் தூக்கிக் கொடுத்த அமெரிக்க வாக்காளர் செய்யாததையும் செய்தார்கள். இந்திரா காந்தியும் முடிவை ஏற்றுக்கொண்டு விலகினார். அதையும் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். நெருக்கடி நிலையை எதிர்த்த தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. அடுத்த வருஷத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 34 காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே போயின. வடக்கே பட்ட அடி இங்கே அந்த அளவுக்குப் படவில்லை, உள்ளூர் அரசியல் கணக்கும் வேறு. வாக்காளர் தன் மேல் அடி விழும்போதுதான் கேட்கிறார். அடுத்தவர் மேல் விழும்போது கேட்பதில்லை. வாக்காளரை மட்டும் நம்பி ஜனநாயகத்தை விட்டுவிட முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இரண்டு நாட்டுக் கதையும் முழுமையாக முடியவில்லை. நிக்சனுக்கு அடுத்து வந்த ஜெரால்ட் ஃபோர்டு 1974 செப்டம்பர் 8 அன்று அவருக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார். கீழே இருந்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜான் மிட்செல் உட்பட. மேலே இருந்தவர் போகவில்லை. இங்கே ஷா கமிஷன் விசாரித்து அறிக்கைகள் கொடுத்தது. யாரும் பெரிதாகத் தண்டிக்கப்படவில்லை. 1980-ல் இந்திரா காந்தி மறுபடி பிரதமர். மிச்சம் நின்றது சட்டம்தான். 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தத்தின்படி, அமைச்சரவையின் முடிவு எழுத்தில் இல்லாமல் நெருக்கடி நிலை அறிவிக்க முடியாது, உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்கவும் முடியாது. கன்னா தனியாக எழுதியதுதான் சரி என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியது. 41 வருஷம் ஆயிற்று.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். அன்று அமெரிக்காவைக் காப்பாற்றியது சொந்தக் கட்சிக்காரரின் "முடியாது". இன்று அங்கேயே அது அருகிவிட்டது. 2021-ல் டொனால்ட் டிரம்ப் மீதான இரண்டாவது பதவி நீக்க விசாரணையில் 57 பேர் குற்றவாளி என்றார்கள், அவர் கட்சியில் இருந்து ஏழு பேர். 67 வேண்டும், தப்பிவிட்டார். 2024 ஜூலை 1 அன்று, அதிபர் தன் பதவி அதிகாரத்தின்படி செய்யும் செயல்களுக்குக் குற்ற வழக்கில் இருந்து பெருமளவு பாதுகாப்பு உண்டு என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. அன்று எட்டுக்கு எட்டு நின்ற அதே நீதிமன்றம். பிரைமரியில் ஊர்க்காரர்களே தலைவரின் ரசிகர்களாகிவிட்டால், நிற்பதற்குத் தரை அங்கேயும் இல்லை.

நம் நாட்டிலோ 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தோம். காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று தாவியதை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டம், கொறடா உத்தரவை மீறி மனசாட்சிப்படி ஓட்டுப் போடுபவரின் பதவியையும் பறிக்கும். விலைபோனவனுக்கும் வேண்டாம் என்று சொன்னவனுக்கும் ஒரே தண்டனை. 1975-ல் பயத்தால் வாய் மூடினார்கள், இப்போது சட்டமே வாயை மூடிவிடுகிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. மாநிலங்களிலும் இதே கதைதான்.

அதனால் "அமெரிக்கா மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை. அவர்களிடம் அன்று இருந்தது மறுக்கத் துணிந்த மனிதர்களும், மறுத்தால் விழாமல் நிற்க ஓர் இடமும். அது எந்த நாட்டிலும் உண்டாகலாம், எந்த நாட்டிலும் காணாமல் போகலாம்.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டு உங்கள் தெருவுக்கு வருவார். ரோடு கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "உங்க தலைவர் தப்பு செஞ்சா நீங்க என்ன செய்வீங்க தம்பி?" என்ன பதில் வந்தது என்று எனக்கும் கமெண்டில் எழுதுங்கள்.